பலகையில் வந்தது, சாலையில் வரவில்லை: ஒரு மாயப் பேருந்தின் நிகழ்வு ஆய்வு

நேரலைத் தகவல் பலகை வைத்த நிறுத்தங்களிலிருந்து வரும் புகார்களில், "ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தது, ஏழு நிமிடத்தில் வந்தது" என்று எழுதுகிறவர்கள் அநேகமாக இல்லை. அந்த அளவு பிசகைப் பயணிகள் பொறுத்துக்கொள்கிறார்கள். கோபத்தோடு வரும் புகார் வேறு வகை: எண் மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கி வந்தது, "வருகிறது" என்றும் போட்டது, பிறகு அந்த வரியே காணாமல் போனது, பேருந்து வரவே இல்லை. இதை மாயப் பேருந்து என்று வைத்துக்கொள்வோம். இப்படி ஒரு முறை ஏமாந்தவர் அடுத்த பத்து நாளைக்குப் பலகையை நிமிர்ந்தும் பார்க்க மாட்டார்.

அப்படி ஒரு மாயப் பேருந்தைப் பலகையிலிருந்து பணிமனை வரை பின்னோக்கித் தேடிச் செல்வதுதான் இந்த ஆய்வு. இதில் வரும் தடம் மாதிரித் தடம். அதன் எண்கள் கணக்குப் புரிவதற்காக அமைத்தவை. பிழை பிறக்கும் விதமோ எந்த ஊர் அமைப்பிலும் இதேதான்.

தடமும் அந்தக் காலையும்

தடத்தின் நீளம் 18 கிமீ. இரு முனையங்களையும் சேர்த்து 42 நிறுத்தங்கள், ஆகவே நிறுத்தங்களுக்கு இடையே சராசரி 440 மீட்டர். ஒரு நடைக்கு, அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கான ஓட்டத்துக்கு, 60 நிமிடம். இரு முனைகளிலும் 10 நிமிட ஓய்வு. ஒரு பேருந்து முழுச் சுற்று முடித்துத் திரும்ப 140 நிமிடம் ஆகிறது. 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால் 14 பேருந்துகள் வேண்டும்.

புகார் வந்தது ஏழாம் நிறுத்தத்திலிருந்து. முனையத்திலிருந்து அங்கே வர அட்டவணைப்படி 9 நிமிடம்.

7:59-க்கு, 7:50 நடையின் பேருந்து வந்து போகிறது. 8:01-க்கு வரும் பயணி பலகையில் 8, 18, 28 என்று மூன்று வரிகளைப் பார்க்கிறார். 8:05-க்கு முதல் வரி 4. 8:08-க்கு 1. 8:09-க்கு "வருகிறது". 8:10-க்கு அந்த வரி மறைந்து, அடுத்த நடையின் 9 நிமிடம் மேலே ஏறுகிறது. பயணி சலித்துப்போய்ச் சாலையைக் கடந்து நடக்கத் தொடங்குகிறார். 8:13-க்கு அதே தட எண்ணோடு ஒரு பேருந்து வந்து நின்று போகிறது. பலகை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த இரட்டைத் தன்மையைக் கவனிக்க வேண்டும். காட்டிய பேருந்து வரவில்லை, வந்த பேருந்தைக் காட்டவில்லை. இரண்டும் சில நிமிட இடைவெளியில் ஒரே தடத்தில் நடந்தால் அவை இரண்டு பிழைகளாக இருப்பது அரிது. ஒரே பிழையின் இரண்டு முகங்களாகவே இருக்கும். புகாரில் பாதிதான் எழுதப்பட்டிருக்கும். மறு பாதியைப் பதிவுகளில் தேட வேண்டும்.

பலகையிலிருந்து பின்னோக்கி

முதலில் பார்க்க வேண்டியது பலகையின் பதிவு. எந்த நொடியில் எந்த வரியைக் காட்டியது, கடைசியாகச் சர்வரிலிருந்து செய்தி எப்போது வந்தது, பலகையின் கடிகாரம் எவ்வளவு விலகியிருந்தது என்ற மூன்றும் வேண்டும். கடிகாரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வருகை நேரம் சர்வரிலிருந்து "8:09:00" என்ற முழு நேரமாக வந்து, "இன்னும் எத்தனை நிமிடம்" என்ற கழித்தலைப் பலகை தானே செய்தால், அதன் கடிகாரம் 90 நொடி பிந்தியிருந்தாலும் எல்லா வரிகளும் 90 நொடி பொய் சொல்லும். இந்த நிகழ்வில் கடிகாரம் சரி, தொடர்பும் அறுபடவில்லை. பலகை தனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே காட்டியிருக்கிறது.

அடுத்தது சர்வர் வெளியிட்ட ஓடை, அதாவது அது விடாமல் அனுப்பும் நேரலைத் தரவு. இன்று பரவலாக இருக்கும் வடிவங்கள் இரண்டு. ஐரோப்பாவில் வளர்ந்த சிரி (SIRI) ஒன்று. 2005-இல் போர்ட்லாண்டின் டிரைமெட் நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கிய அட்டவணை வடிவமான ஜிடிஎஃப்எஸ் (GTFS), அதன்மேல் 2011-இல் வந்த நேரலை வடிவம் இன்னொன்று. இந்த நேரலை வடிவத்தில் முக்கியமாக மூன்று வகைச் செய்திகள் உண்டு: நடை எவ்வளவு பிந்துகிறது என்பது, வண்டி எங்கே இருக்கிறது என்பது, சேவை அறிவிப்புகள். ஓடையைக் குறைந்தது 30 நொடிக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், நடையும் இடமும் பற்றிய தகவல் 90 நொடிக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது அந்த வடிவத்தின் நல்வழக்குப் பரிந்துரை.

8:00 நடைக்கு அந்த ஓடையில் நேரலைச் செய்தி எதுவுமே இல்லை. பிறகு பலகைக்கு 8, 4, 1 எங்கிருந்து கிடைத்தது? அட்டவணையிலிருந்து. நேரலை இல்லாத நடைக்கு, கணிப்பு மென்பொருளுக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இடைநிலைச் சர்வர் அட்டவணை நேரத்தை எடுத்து, நேரலை வரிகளுக்கு உள்ள அதே உருவத்தில், அதே நிறத்தில், அதே நிமிடக் கணக்கில் அனுப்பியிருக்கிறது. பலகைக்கு வித்தியாசம் தெரியாது. பயணிக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது, வண்டிகளின் இடப் பதிவு. 8:00 நடைக்கு ஒதுக்கிய வண்டியை 'அ' என்போம். அது முனையத்திலேயே நிற்கிறது. காற்றழுத்தம் ஏறாததால் பிரேக் விடுபடவில்லை. 'ஆ' என்ற மாற்று வண்டி 8:04:20-க்கு முனையத்தை விட்டுப் புறப்பட்டு, 8:13:05-க்கு ஏழாம் நிறுத்தத்தின் 18 மீட்டருக்குள் வந்து கதவு திறந்திருக்கிறது. ஜிபிஎஸ் நன்றாக வேலை செய்கிறது. செய்திகள் 20 நொடிக்கு ஒன்றாகத் தவறாமல் வந்திருக்கின்றன. ஒவ்வொரு செய்தியிலும் "நடை" என்ற இடம் மட்டும் காலி.

வேர்

கணிப்பு மென்பொருளுக்கு நடை எண் இல்லாத வண்டி வெறும் புள்ளி. அது எந்தத் தடத்தில் எந்தத் திசையில் எந்த நிறுத்தம் வரை போகும் என்று தெரியாததால் அதைத் தள்ளிவிடுகிறது. வண்டி இல்லாத நடைக்கோ அட்டவணையே கதி. இரண்டையும் இணைக்க வேண்டிய ஒற்றை வரி, அதாவது "8:00 நடையை இன்று ஆ ஓட்டுகிறது" என்பது, எங்கேயும் எழுதப்படவில்லை. முனையத்தில் நேரக் காப்பாளர் தன் ஏட்டில் எழுதியிருப்பார். ஓட்டுநர் தன் கருவியில் பணி எண்ணை அழுத்தியும் இருக்கலாம். ஆனால் அந்த எண் கணினியில் 'அ' வண்டியோடு கட்டப்பட்டிருக்கிறது. 'ஆ' வண்டியின் கருவி "பொருந்தவில்லை" என்று திருப்பியிருக்கும். பயணிகள் ஏறிக்கொண்டிருக்க, நான்கு நிமிடம் ஏற்கெனவே போயிருக்க, அதைச் சரிசெய்துவிட்டுத்தான் எடுப்பேன் என்று எந்த ஓட்டுநரும் நிற்க மாட்டார், நிற்கவும் கூடாது.

பேருந்தின் இடத்தை அறிவதுதான் இந்தத் துறையின் கடினமான வேலை என்று நெடுநாள் நம்பப்பட்டது, அதற்கு நியாயமும் இருந்தது. லண்டனில் 1992-இல் 18-ஆம் எண் தடத்தில் கவுண்ட்டவுன் என்ற வருகைப் பலகைகள் சோதனைக்கு வந்தபோது, சாலையோரக் குறிகைக் கருவிகளைக் கடக்கும்போதுதான் வண்டியின் இடம் உறுதியாகத் தெரியும். இடைத்தூரத்தைச் சக்கரச் சுழற்சிதான் சொல்லும். 2007 முதல் 2009 வரை அங்கே 8,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளில் பொருத்திய ஐபஸ் அமைப்பு, ஜிபிஎஸ்ஸோடு தூரமானியையும் திசைத் திருப்பத்தை உணரும் கைரோஸ்கோப்பையும் சேர்த்துக்கொண்டது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி இடத்தைப் பல பத்து மீட்டர் தள்ளிக் காட்டும். தூரமானி அதைத் திருத்தும். ஆக, இடம் என்ற கேள்வி பெருமளவு தீர்ந்துவிட்டது. எந்த வண்டி எந்த நடையை ஓட்டுகிறது என்ற கேள்வியைச் செயற்கைக்கோளால் தீர்க்க முடியாது. அது பணிமனையில் ஒரு மனிதர் எடுக்கும் முடிவு. அந்த முடிவு கணினியை அடையும் வழி நீளமாக இருந்தால் மாயப் பேருந்துகள் பெருகும்.

துல்லிய அறிக்கை ஏன் இதைக் காட்டவில்லை

இந்தத் தடத்தின் மாத அறிக்கையைப் பார்த்தால் எல்லாம் நலம் என்றுதான் இருக்கும். அறிக்கை தயாரிக்கும் முறையே அப்படி. ஒவ்வொரு கணிப்பையும் உண்மையில் வந்த நேரத்தோடு ஒப்பிட்டு விலகலைக் கணக்கிடுகிறார்கள். மாயப் பேருந்துக்கு "வந்த நேரம்" கிடையாது. ஒப்பிட ஒன்றும் இல்லாததால் அந்த நடை கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது. அறிவிக்காமல் வந்த 'ஆ' வண்டிக்கோ கணிப்பு கிடையாது, அதுவும் விழுந்துவிடுகிறது. பயணியை அதிகம் ஏமாற்றிய இரண்டு நிகழ்வுகளும் இல்லாத ஒரு சராசரி, 90-க்கு மேல் விழுக்காடு காட்டிக்கொண்டு நிற்கும். ஒப்பந்தத் தொகையை அந்த ஒற்றை எண்ணோடு கட்டிவைப்பது இந்தத் துறையின் பெரிய தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து.

இரண்டு விகிதங்களைத் தனியே எடுக்க வேண்டும். பலகையில் காட்டி வராமல் போனவை எத்தனை என்பது ஒன்று. பலகையில் வராமல் சாலையில் வந்தவை எத்தனை என்பது மற்றொன்று. இதற்குத் தேவையான தரவு பெரிதல்ல. நாளுக்கு 18 மணி நேரம், மணிக்கு 6 நடை, இரு திசை, 42 நிறுத்தம் என்றால் 9,072 நிறுத்த வருகைகள். ஒவ்வொன்றுக்கும் கடைசி 20 நிமிடத்தில் 30 நொடிக்கு ஒரு கணிப்பு வீதம் 40 கணிப்புகள், ஆக நாளுக்கு சுமார் 3.6 லட்சம் வரிகள். சாதாரணத் தரவுத்தளம் ஒன்று இதைச் சிரமமின்றித் தாங்கும். பலகைக்கு அனுப்பியதை அனுப்பிய உருவிலேயே சேமிக்க வேண்டும். கணிப்பு மென்பொருளின் உள் மதிப்பை மட்டும் சேமித்தால், இடைநிலைச் சர்வர் அட்டவணையை நேரலைபோல் மாற்றிய இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

மீதிக் கணிப்புகளுக்கும் ஒரே அளவுகோல் போதாது. 3 நிமிடத்துக்குள் என்று காட்டியதற்கு அரை நிமிடம் முன்னும் ஒன்றரை நிமிடம் பின்னும் விலகலாம்; 10 நிமிடம் என்று காட்டியதற்கு ஒரு நிமிடம் முன்னும் மூன்றரை நிமிடம் பின்னும் விலகலாம் என்பதுபோல் வைக்கலாம். முன்பக்க எல்லை குறுகியிருப்பதற்குக் காரணம் உண்டு. பேருந்து காட்டியதைவிடப் பிந்தினால் பயணி கூடுதலாகக் காத்திருப்பார், அவ்வளவுதான். காட்டியதைவிட முந்தி வந்துவிட்டால் அதைத் தவறவிட்டு ஓர் இடைவெளி முழுவதும் காத்திருப்பார். நிமிடங்களை முழு எண்ணாக்கும்போது எப்போதும் கீழ்ப்பக்கம் வெட்டுவதும் இதனால்தான்: 4 நிமிடம் 50 நொடியை 5 என்று காட்டாமல் 4 என்று காட்ட வேண்டும்.

திருத்தம்

முதல் திருத்தம் மலிவானது. ஒரே நாளில் செய்யலாம். நிமிட எண்ணிக்கை நேரலைக்கு மட்டும். வண்டி இணைக்கப்படாத நடைக்கு "8:09" என்று கடிகார நேரம். இந்த ஒரு வித்தியாசத்தைப் பயணிகள் விளக்கம் இல்லாமலே சில நாட்களில் பிடித்துக்கொள்கிறார்கள். குறைந்துவரும் எண் ஒரு வாக்குறுதி. கடிகார நேரம் அட்டவணையில் எழுதியிருப்பதைச் சொல்வது. வண்டியைப் பார்க்காமலே வாக்குறுதி கொடுத்ததுதான் அன்று காலை நடந்தது.

இரண்டாவது, தானாக இணைத்தல். நடை எண் இல்லாத ஒரு வண்டி முனையத்திலிருந்து 300 மீட்டருக்குள்ளிருந்து கிளம்பி, தடத்தின் அடுத்த இரண்டு நிறுத்தங்களை முறைப்படி கடந்து, அதன் திசை தடத்தின் திசையோடு 30 பாகைக்குள் பொருந்தி, அதே வேளையில் வண்டி இல்லாத நடை ஒன்றே ஒன்று இருந்தால் இரண்டையும் இணைக்கலாம். நிபந்தனைகளில் ஒன்றைத் தளர்த்தினாலும் புதிய மாயங்கள் பிறக்கும். பணிமனைக்குக் காலியாகத் திரும்பும் வண்டியும் முதல் சில நிறுத்தங்கள் வரை இதே சாலையில்தான் போகும். அதைப் பிரிக்க எளிய வழி, வண்டியின் முகப்புப் பலகையில் போட்டிருக்கும் சேருமிடக் குறியீட்டைச் செய்தியோடு அனுப்பவைப்பது. கதவு திறந்ததா என்ற சமிக்ஞையும் சேர்ந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீரும்.

மூன்றாவதுதான் உண்மையான மருந்து. மாற்று வண்டியை அனுப்பும் நேரக் காப்பாளர் கையில் ஒரு கைபேசித் திரை. நடையைத் தொடு, வண்டியின் கதவோரம் ஒட்டிய க்யூஆர் குறியைக் காட்டு, முடிந்தது. பத்து நொடிக்கு மேல் ஆகும் எந்த முறையும் காலை நெரிசலில் கைவிடப்படும். படிவம், கடவுச்சொல், மேலதிகாரி ஒப்புதல் என்று அடுக்கினால் ஏடுதான் வெல்லும்.

கடைசியாக ரத்து. புறப்பாட்டு நேரம் கடந்து 5 நிமிடம் ஆகியும் வண்டி இணையாவிட்டால் கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை போக வேண்டும். அங்கே ஒருவர் உறுதிசெய்தால் ஓடையில் அந்த நடை "ரத்து" என்ற நிலை பெறும், பலகையிலும் "8:09 ரத்து" என்று நிற்கும். அந்த நேரம் கடந்த பிறகும் சில நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். வரியைச் சத்தமில்லாமல் அழிப்பதைவிட ரத்து என்று சொல்வது நிர்வாகத்துக்குக் கூச்சமாக இருக்கும். பயணிக்கு அதுதான் பயன்.

முனையத்துக்கு அருகிலுள்ள நிறுத்தங்களில் இன்னொரு தொல்லை உண்டு: எண் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்வது. இணைந்த வண்டி முனையத்தில் நிற்கும்வரை ஏழாம் நிறுத்தத்தில் 9, 9, 9 என்றே காட்டும். ஓட்டுநர் எப்போது எடுப்பார் என்பதை எந்தக் கணிதமும் அறியாது. ஆனாலும் ஒரு பங்கைக் கணிக்கலாம். அதே வண்டியின் முந்தைய நடை எப்போது முனையம் சேரும் என்று பார்த்து, அதோடு குறைந்தபட்ச ஓய்வைக் கூட்டி, அட்டவணைப் புறப்பாட்டோடு ஒப்பிட்டு, இரண்டில் பிந்தியதை எடுக்க வேண்டும். முந்தைய நடை 7:58-க்குத்தான் சேரும், குறைந்தபட்ச ஓய்வு 4 நிமிடம் என்றால் 8:00 நடை 8:02-க்கு முன் கிளம்பாது என்பது முன்கூட்டியே தெரியும். இதற்கு அட்டவணைக் கோப்பில் எந்த நடைகள் ஒரே வண்டியில் தொடர்கின்றன என்ற இணைப்பு நிரப்பப்பட்டிருக்க வேண்டும். அது கட்டாயமற்ற புலம் என்பதால் பல இடங்களில் காலியாகவே கிடக்கிறது.

இதே முகம், வேறு நோய்

எல்லா மாயப் பேருந்துக்கும் காரணம் வண்டி மாற்றம் அல்ல. விடுமுறை நாளின் அட்டவணையை ஏற்ற மறந்தால் காலை முழுவதும், எல்லாத் தடங்களிலும் மாயங்கள் வரும். நள்ளிரவு 12 முதல் 1 வரை மட்டும் வருமானால் நாள் மாற்றத்தைச் சந்தேகிக்க வேண்டும்: ஜிடிஎஃப்எஸ் அட்டவணையில் நள்ளிரவுக்குப் பிந்திய நடை முந்தைய பணிநாளைச் சேர்ந்தது, அதன் நேரம் 24:10 என்று எழுதப்படும், அதை 0:10 என்று படிக்கும் மென்பொருள் ஒரு நாளையே தள்ளிவிடும். பாதி வழியில் திருப்பிவிடப்பட்ட பேருந்து, மீதி நிறுத்தங்களில் தொடர்ந்து எண்ணிக்கொண்டிருக்கும். அந்த நிறுத்தங்களுக்குத் தனித்தனியே "நிற்காது" என்ற நிலை அனுப்ப வேண்டும்.

ஒரே நாளில் ஒரே வகை வண்டிகள் மொத்தமாக வரைபடத்திலிருந்து விழுந்தால் கருவியின் தேதியைப் பார்க்கவும். ஜிபிஎஸ் வார எண் 1,024 வாரத்துக்கு ஒரு முறை சுழியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் திரும்பியது. திருத்தம் பெறாத பழைய கருவி தேதியை ஏறத்தாழ 19.6 ஆண்டு பின்னே கொண்டுபோகும். அத்தனை பழைய செய்தியைச் சர்வர் குப்பையில் போடுவதில் வியப்பில்லை.

தகவலின் வயது

வண்டி 20 நொடிக்கு ஒரு முறை இடம் சொல்கிறது. ஓடை 30 நொடிக்கு ஒரு முறை புதுப்பிக்கிறது. பலகை 30 நொடிக்கு ஒரு முறை கேட்கிறது. மூன்றும் மோசமாக அமைந்தால் பலகை காண்பது 80 நொடிக்கு முந்திய உலகம். மணிக்கு 18 கிமீ என்றால் நொடிக்கு 5 மீட்டர். 80 நொடியில் 400 மீட்டர். இந்தத் தடத்தில் அது ஏறக்குறைய ஒரு நிறுத்த இடைவெளி. "1 நிமிடம்" என்று பலகை சொல்லும்போது பேருந்து எதிரே நின்று கதவு திறப்பது இதனால்தான். மருந்து, அனுப்பும் வேகத்தைக் கூட்டுவது மட்டுமல்ல. இடம் எடுக்கப்பட்ட நொடியைச் செய்தியோடு சுமந்துவந்து, சர்வரை அடைந்த நேரத்திலிருந்து கணக்கிடாமல் அந்த நொடியிலிருந்து கணக்கிட வேண்டும்.

தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்பதும் முன்பே முடிவாக வேண்டும். இரண்டு நிமிடம் வரை பலகை தானே எண்ணலாம். அதற்கு மேல் நிமிடங்களை அழித்துக் கடிகார நேரத்துக்கு மாற வேண்டும், அட்டவணையும் கைவசம் இல்லாவிட்டால் "நேரலைத் தகவல் இல்லை" என்று சொல்ல வேண்டும். உறைந்து நிற்கும் "4 நிமிடம்" எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் அது வேலை செய்வதுபோலவே தெரியும். சிம் கட்டணம் தீர்வது, பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாவது, பழைய தலைமுறை அலைவரிசை மூடப்படுவது ஆகியவையே வழக்கமான காரணங்கள்.

தரவுச் செலவுக்கும் ஒரு கணக்கு. ஒரு பதில் 2 கேபி, நாளுக்கு 2,160 முறை என்றால் மாதம் 130 எம்பி அளவுதான். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாதுகாப்பு இணைப்பு தொடங்கினால் மேலும் 5 கேபி சேர்ந்து மாதம் 450 எம்பி ஆகிவிடும். இணைப்பைத் திறந்தே வைத்திருப்பது நல்லது.

பலகையும் தமிழ் எழுத்தும்

7 வரி உயரம், 5 புள்ளி அகலம் என்ற எல்இடி கட்டம் ரோமன் எழுத்துக்காக அமைந்தது. தமிழுக்கு அது போதாது. "கீ" மேலே சுழிக்கிறது, "பூ" கீழே வளைகிறது, "ண" அகலம் கேட்கிறது. குறைந்தது 16 வரி வேண்டும், 24 இருந்தால் வசதி. 4 மிமீ புள்ளி இடைவெளியில் 16 வரி 64 மிமீ உயரம் பிடிக்கும். மேல் கீழ்ச் சுழிகளைக் கழித்தால் எழுத்தின் உடல் 36 முதல் 40 மிமீ. இயல்பான பார்வை உள்ளவர் 10 மீட்டரிலிருந்து படிக்க அது போதும். பார்வை குறைந்தவருக்குப் போதாது. பொத்தானை அழுத்தினால் வரிகளை வாசித்துச் சொல்லும் ஒலிபெருக்கி அதனால்தான் அவசியம். பொத்தான் சக்கர நாற்காலியிலிருந்தும் எட்டும் உயரத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவில் இருக்கட்டும்.

மெய்யெழுத்தின் புள்ளியை ஒரே எல்இடியால் வரையக் கூடாது. அந்த ஒன்று பழுதானால் "க்" என்பது "க" ஆகி ஊர்ப் பெயரே மாறும். இரண்டிரண்டாக நான்கு எல்இடிகளால் வரைந்தால் ஒன்று போனாலும் படிக்கலாம்.

பெரிய சிக்கல் எழுத்து வரிசையில். "கொ" யூனிகோடில் க, பிறகு ஒகரக் குறி என்று சேமிக்கப்படுகிறது. கண்ணுக்கோ கொம்பு முன்னும் கால் பின்னும் விழ வேண்டும். பல பலகைகளின் உள் மென்பொருளுக்கு இப்படி எழுத்தைக் கோக்கும் முறை தெரியாது. கொம்பு தவறான எழுத்தோடு ஒட்டிப் பெயர் சிதையும். அந்த மென்பொருளோடு மல்லுக்கட்டாமல், சேருமிடப் பெயர்களைச் சர்வரிலேயே படமாக வரைந்து அனுப்புவதே சிறந்தது. 192 புள்ளி அகலம், 16 உயரம் என்றால் ஒரு பெயருக்கு 384 பைட்தான். ஒரு முறை அனுப்பிப் பலகையில் சேமித்துவிட்டு, பிறகு எண்ணால் அழைத்துக்கொள்ளலாம். நீளப் பெயரை ஓடும் எழுத்தாக்குவதைவிட இரண்டாகப் பிரித்து நான்கு நொடிக்கு ஒரு பக்கமாகக் காட்டினால் வேகமாகப் படிக்க முடிகிறது.

மின்சாரம் இழுக்க முடியாத நிறுத்தத்தில் மின்தாள் (இ-பேப்பர்) திரை பொருந்தும். 40 வாட் எல்இடி பலகை 18 மணி நேரத்தில் 720 வாட்-மணி தின்னும். மோடத்தோடு சேர்த்துச் சராசரி 2 வாட் எடுக்கும் மின்தாள் பலகைக்கு 36 வாட்-மணி போதும். 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி மின்கலத்தில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் சூரியன் இல்லாமல் மூன்று நாள் தாங்கும். இரவுக்கு முன்விளக்கு வேண்டும் என்பதை ஆர்டர் கொடுக்கும்போது மறந்துவிடக் கூடாது.

இத்தனை உழைப்புக்கும் பலன் உண்டா என்றால், உண்டு. ஹேக் நகரில் ஒரு டிராம் தடத்தில் பலகை வைத்ததற்கு முன்னும் பின்னும் பயணிகளைக் கேட்டு, 2006-இல் வெளியான ஆய்வில், காத்திருந்ததாக அவர்கள் உணர்ந்த நேரம் 20 விழுக்காடு குறைந்திருந்தது. சியாட்டிலில் 2011-இல் வெளியான ஆய்வில், கைபேசியில் நேரலை பார்த்தவர்கள் தாங்கள் வழக்கமாகக் காத்திருப்பதாகச் சொன்ன நேரம் சராசரி 7.5 நிமிடம், பார்க்காதவர்கள் சொன்னது 9.9. ஒரு பேருந்தைக்கூட அதிகமாக்காமல் கிடைத்த நிம்மதி இது. மாயப் பேருந்து திருடுவது இதைத்தான்.

அதே காலை, திருத்தங்களுக்குப் பிறகு

பதிவுகளைப் புதிய விதிகளின் வழியே மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். எந்தத் திருத்தத்தையும் சாலைக்கு அனுப்புமுன் இப்படிச் செய்வது நல்லது. 8:01-க்கு ஏழாம் நிறுத்தத்தில் முதல் வரி "8:09" என்று கடிகார நேரமாக நிற்கிறது; எண் இறங்கவில்லை. 8:04:20-க்கு 'ஆ' கிளம்புகிறது. 8:05-க்கு, புறப்பாட்டு நேரம் தாண்டி 5 நிமிடம் ஆனதால், கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை எழுகிறது. மூன்றாம் நிறுத்தத்தை 8:07 வாக்கில் கடந்ததும் தானியங்கி இணைப்பு நடக்கிறது, பலகை "6 நிமிடம்" என்று மாறுகிறது. 8:13-க்கு வண்டி வந்து நிற்கிறது.

இன்னும் ஓட்டை இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் நிறுத்தங்களில் நிற்பவர்களுக்கு இந்தத் தானியங்கி இணைப்பால் எந்தப் பயனும் இல்லை. வண்டி அவர்களைக் கடந்த பிறகுதான் அது யார் என்று கணினிக்குத் தெரிகிறது. ஏழாம் நிறுத்தத்திலும் 8:07 வரை "8:09" என்ற நடக்கப்போகாத நேரமே நிற்கிறது. அந்த நிமிடங்களை அடைக்க ஒரே வழி, 'ஆ' கிளம்பும் முன் நேரக் காப்பாளர் அந்த க்யூஆர் குறியைக் கைபேசியில் காட்டுவதுதான்.